லூட்டனாவ் வீட்டு ஆட்டம்

இளமதிக்குப் பதினைந்து வயதாகும்போது அவள் அம்மா மேல் காளி வந்தாள். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் தமிழர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு விரல்கள், கண்ணுக்குத் தெரியாத நூலை யாரோ பிடித்து இழுப்பதுபோல, தாமாக எழுந்து மடங்கின. அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே வசந்தகுமாரியின் முகம் ஒரு பக்கம் கோணி மறுபடி நேராகும். நடந்தால் இடது கால் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். லிஃப்டில் ஒரு சீனக் கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு, குடித்திருக்கிறாள் என்று பக்கத்தில் நின்றவளுக்குச் சைகை காட்டினாள். தமிழ்ப் பெண்களோ வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்டார்கள்.

டாக்டரிடம் காட்ட அப்பா சம்மதிக்கவில்லை. "சாமி வர்ற உடம்பு. ஊசி கீசி போட்டா தெய்வக் குத்தமாயிடும்" என்று சொல்லிவிட்டார். சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போவார். மேளச் சத்தம் கேட்டதும் அம்மாவின் உடம்பு துள்ளும். சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்போது அம்மாவின் கண்களை இளமதி மட்டும் பார்த்தாள். பூனைக்கண். அதில் தெய்வம் எதுவும் தெரியவில்லை. நடுவழியில் தொலைந்துபோன பிள்ளையின் கண்கள் மாதிரி அவை யாரையோ தேடின.

ஒரு மத்தியானம் புளோக்குப் படிக்கட்டில் அம்மா தலைகுப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மண்டைக் காயத்துக்கு மருத்துவம் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. இழவு வீட்டில் ஒரு பெண், தம்பி சுரேந்தரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தெய்வம் புடிச்ச வீட்டை லேசுல விடாது. அடுத்து புள்ளைங்க மேலதான் எறங்கும்" என்றாள். சுரேந்தருக்குப் பத்து வயது, அது அவன் காதில் ஏறவில்லை. இளமதிக்கு ஏறியது. அதற்கப்புறம் எந்தக் கோயிலிலும் மேளம் தொடங்கினால் அவள் வெளியே வந்துவிடுவாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று, கைகூப்பி, என்னிடம் வராதே தாயே என்று வேண்டிக்கொள்வாள். பக்தி என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள்.

வளர்ந்தபின் அவள் பஸ் கேப்டன் ஆனாள். மாடி பஸ் ஓட்டுகிற பொம்பளை என்று உறவில் சிலர் சிரித்தார்கள். ஏர்கான் சர்வீஸ் வேலை செய்யும் கணவன் வெங்கட் மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டி, தன் இரண்டு கை சொன்னபடி வளைந்து, தன் கால் சொன்னபடி நிற்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அது என்ன ஆறுதல் என்று அவள் யாரிடமும் விளக்கியதில்லை.

போன வருடம் அவளுக்கும் நாற்பத்து நான்கு ஆனது. அந்த வருடம்தான் சுரேந்தர் போன் செய்தான்.

"அக்கா, உக்காந்துக்கோ. நாம ஜெர்மன் லா!"

"என்னடா உளர்ற?"

துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் அவன் பாதுகாப்பு மேற்பார்வையாளன். முப்பத்தொன்பது வயதில்தான் அவனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பெண் பவித்ரா, பொங்கோலில் பாலர் பள்ளி ஆசிரியை. நிச்சயம் முடிந்த உற்சாகத்தில் இருவரும் விளையாட்டாக எச்சிலைக் குப்பியில் துப்பி, வம்சம் பார்த்துச் சொல்கிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். பவித்ராவுக்கு எதிர்பார்த்ததுதான் வந்தது. சுரேந்தருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஜெர்மன் என்று வந்தது. கூடவே அவன் ரத்தத்தோடு ஒத்துப்போகிற ஒரு சொந்தக்காரியின் பெயரும் வந்தது. ஹில்டெகார்ட் ஃபான் லூட்டனாவ், வயது எழுபத்தைந்து, ஓய்வுபெற்ற மருந்தாளர்.

"பேர்ல ஃபான்னு வந்தா நோபிள் ஃபேமிலியாம். நம்ம ஊர் ஜமீன் மாதிரி. அம்மாவோட தாத்தா ஒரு பிரபு! அந்தப் பூனைக்கண்ணு சும்மா வரல. அவங்க நமக்குப் பெரியம்மா முறை. நம்மளப் பாக்க நேர்லயே வர்றாங்களாம்."

"எதுக்கு அவ்ளோ தூரத்துல இருந்து வர்றாங்க?"

"சொந்தத்தப் பாக்கத்தான். நீ ஏன் எல்லாத்துக்கும் பயப்படுற?"

அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. யாரும் ஒன்றுமில்லாததற்குப் ஆறாயிரம் மைல் பறந்து வரமாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். ஹில்டெகார்ட் ஒடிசலான, உயரமான பெண். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண்ணைப் பார்த்ததும் இளமதிக்கு அம்மாவைப் பார்ப்பதுபோல இருந்தது. அதே பூனைக்கண்.

ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஹில்டெகார்ட் தன் குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னாள். பிரபுக் குடும்பம் என்றால் கோட்டையும் கொத்தளமும் கிடையாது. லூட்டனாவ் ஒரு சின்னக் கிராமம். ஒரு பெரிய வீடு, ஒரு மாவு ஆலை, அதையொட்டி ஒரு குளம், நிறையக் குதிரைகள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் அந்த வீட்டுக்காரர் யாரோ ஓர் இளவரசனுக்கு நல்ல குதிரைகளைக் கொடுத்ததற்காக அவன் பேரோடு ஃபான் என்பதையும் ஒரு சின்னத்தையும் கொடுத்தான். சின்னத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. "எங்களைவிடப் பணக்காரக் குடியானவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் அவர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு, அவர்களை வணங்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றாள்.

சுரேந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நாரையைக் கல்யாணப் பத்திரிகையில் போடப்போவதாகச் சொல்லி, கையை வீசியதில் எலுமிச்சைச் சாறு இலையெல்லாம் கொட்டியது. "சாரி சாரி" என்று துடைத்தான். ஹில்டெகார்ட் சிரிக்கவில்லை.

"உங்கள் அம்மா எப்படி இறந்தார்?" என்று கேட்டாள்.

"விழுந்துட்டாங்க. படியில" என்றான் சுரேந்தர்.

"அதற்கு முன்னால் எப்படி நடப்பார்?"

இளமதியின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. அந்தக் கேள்வியை இருபத்தொன்பது வருடங்களாக யாரும் கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஹில்டெகார்டின் பார்வை மேசைமேல், அவர்களுடைய கைகள் இருந்த பக்கம், தாழ்ந்திருந்தது. இளமதி இடக்கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வலக்கையைப் பார்த்தாள். நடுங்குகிறதா? நடுங்குவதுபோல் இருந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க இன்னும் நடுங்கியது.

"நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா? இருவரும் இருக்கும்போது பேச வேண்டும்" என்றாள் ஹில்டெகார்ட்.

மறுநாள் காலை இளமதியின் வீட்டு வரவேற்பறையில் ஹில்டெகார்ட் சொன்னாள். வெங்கட் வேலைக்குப் போயிருந்தான். மகள் கவிப்ரியா பாலிடெக்னிக்கில் இருந்தாள். சுரேந்தர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சிறுமியாக இருந்தபோது எங்கள் வம்ச வரலாற்றை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். யார் யாரை மணந்தார்கள், எப்படி இறந்தார்கள் எல்லாம். எனக்கு அதில் ஒன்று மட்டும் புரியவில்லை. ஆகஸ்ட், குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் மகன் ஃப்ரீட்ரிஷ், குதிரையிலிருந்து விழுந்து. அவர் மகனும் அப்படியே. குதிரை வளர்ப்பதே தொழிலாகக் கொண்ட வீட்டில் இத்தனை பேர் குதிரையிலிருந்து விழுவார்களா என்று கேட்டேன். என் அப்பா என்னை அறைந்தார். அறைந்த கை அதற்கப்புறமும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது."

அவள் தண்ணீர் குடித்தாள்.

ஆகஸ்டின் அம்மா தோரோத்தேயா என்பவள் அந்த நோயைச் சீர்வரிசையோடு கொண்டுவந்தவள் என்பது ஹில்டெகார்டின் கணிப்பு. அவளுக்கு முன் அந்த வீட்டில் எல்லாரும் கிழடாகிச் செத்தார்கள். அவளுக்குப் பின் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிப்பேர் நாற்பதை ஒட்டி ஆடத் தொடங்கினார்கள். முதலில் விரல், பிறகு தோள், நடை, கோபம், கடைசியில் புத்தி. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ரகசியமாக 'ஆடும் பிரபுக்கள்' என்றார்கள். குடும்பம் அதை வெளியே விடவில்லை. வெளியே தெரிந்தால் எந்த நல்ல வீட்டிலிருந்தும் பெண் வராது, பெண்ணை எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே ஆடியவர்களை மாடியறையில் பூட்டினார்கள். மாதா கோயில் பதிவில் குதிரை என்றும் காய்ச்சல் என்றும் எழுதவைத்தார்கள். ஒவ்வொரு கல்யாணமும் ஒரு பொய்யின் மேல் நடந்தது, ஒவ்வொரு கல்யாணத்திலும் நோய் இன்னொரு வீட்டுக்குள் புகுந்தது.

"உங்கள் கொள்ளுத்தாத்தா கார்ல் மூன்றாவது மகன். அவர் அப்பாவை நாற்காலியில் கட்டிவைத்து விருந்தாளிகளோடு சாப்பிட உட்கார வைத்தார்களாம். மூட்டுவலி என்று சொன்னார்களாம். அன்றைக்கே கார்ல் வீட்டை விட்டுப் போய்விட்டார். கப்பலேறி இங்கே வந்து ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். பங்களாவில் துணி துவைக்க வந்த பூவம்மாவுக்கும் அவருக்கும் ஒரு பையன் பிறந்தான்."

"சிங்காரம் தாத்தா" என்றாள் இளமதி. தாத்தாவை அவள் பார்த்ததில்லை. அம்மாவுக்கு எட்டு வயதிலேயே அவர் போய்விட்டார். தண்ணியடித்தே செத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். தள்ளாடித் தள்ளாடி நடப்பாராம்.

"முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் இங்கிருந்த ஜெர்மானியர்களைப் பிடித்து அடைத்தார்கள். கார்லை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு ஊர் திரும்பினார், கல்யாணம் செய்யவில்லை. ஒருநாள் ஆலைக் குளத்தில் பிணமாகக் கிடந்தார். மீன்பிடிக்கப் போனபோது தவறி விழுந்ததாக எழுதியிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு பையன் இருக்கிறான் என்று அவர் தன் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அந்த அண்ணன்தான் என் தாத்தா. தாத்தாவுக்கும் இருந்தது. என் அப்பாவுக்கும். என் தம்பிக்கும்."

"உங்களுக்கு?" என்று கேட்டாள் இளமதி.

"சோதனை செய்தேன். எனக்கு இல்லை. இதற்கு இப்போது பெயர் இருக்கிறது, ஹண்டிங்டன் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். குணப்படுத்தத் தெரியாது. நான் இத்தனை காலமும் எங்கள் வம்சத்தின் எல்லாக் கிளையையும் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களிடமாவது யாராவது சொல்ல வேண்டும். இதை மெயிலில் எழுத எனக்கு மனம் வரவில்லை."

சுரேந்தர் சடாரென்று எழுந்தான். "எங்கம்மா மேல வந்தது காளி. நோய் இல்ல." வாயிற்கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்குப் போனான். இளமதி பின்னாலேயே ஓடினாள்.

"சுரேன், நில்லுடா."

"அந்தக் கிழவி சொல்றத நம்புறியா நீ?"

"அம்மா விரலு ஞாபகம் இல்லயா உனக்கு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தணித்து, "பவித்ரா காதுக்கு இது போகக்கூடாது. கல்யாணம் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனான்.

உள்ளே வந்தபோது ஹில்டெகார்ட், "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். இளமதி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மூதாட்டியின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவைப் பெற்ற பாட்டி சொன்ன வாக்கியம் அது. ஒரு சொல்கூட மாறவில்லை."

ஹில்டெகார்ட் விமானமேறிப் போய்விட்டாள். பயம் வீட்டில் தங்கிவிட்டது.

காலையில் கவிப்ரியாவின் கையிலிருந்து மைலோ கோப்பை நழுவியபோது இளமதி வீறிட்டாள். "அம்மா, ஜஸ்ட் எ கப் லா! ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று பெண் மிரண்டுபோய் நின்றாள். பெண் சாப்பிடும்போது விரலைப் பார்த்தாள், தூங்கும்போது தோளைப் பார்த்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். நாக்கை அசையாமல் நீட்டி வைத்திருக்க அம்மாவால் முடிந்ததில்லை. தன்னால் முடிந்தது. ஆனால் எவ்வளவு நேரம் முடிந்தால் நல்லது?

பஸ்ஸில் இன்னும் மோசம். ஒரு மாலை, பிள்ளைகளும் கிழவர்களுமாக மேலும் கீழும் நிறைந்திருந்தபோது, வளைவில் பின்சக்கரம் நடைபாதை ஓரத்தில் லேசாக ஏறி இறங்கியது. எந்த ஓட்டுநருக்கும் எப்போதாவது நடப்பதுதான். யாரும் கவனிக்கக்கூட இல்லை. இளமதி அடுத்த நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கைகள் சொன்னபடி கேட்டனவா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் டெப்போவில் மேலாளர் அஹமது கபீரிடம் போய் விடுப்புக் கேட்டாள்.

"என்ன இளமதி, வீட்ல பிரச்சினையா?"

"உடம்புல ஒரு டெஸ்ட் இருக்கு சார். அது முடியிற வரைக்கும் என்னை வண்டி எடுக்கச் சொல்லாதீங்க."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று மாலை வெங்கட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "ரிசல்ட்டு எதுவா இருந்தாலும் நான் கூட வர்றேன்" என்றான். அவ்வளவுதான். அதைக் கேட்டபின்தான் அவளால் அழ முடிந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் முன் ஓர் ஆலோசகர் அவளோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசினாள். தெரிந்துகொள்வதற்கு உரிமை இருப்பதுபோலத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை உண்டு, முடிவைக் கேட்க வருகிற அன்றுகூட வேண்டாம் என்று எழுந்துபோய்விடலாம் என்றாள். இளமதி காத்திருந்த வாரங்களில் சோறு இறங்கவில்லை. எங்கோ மேளம் கேட்டால் பழையபடி காது அடைத்தது. ஆனால் இப்போது எதிர்ப்பக்கத்துக்கு ஓடிப்போய் நின்று தப்பிக்க முடியாது. காளியென்றால் வேண்டிக்கொள்ளலாம். ரத்தத்தில் இருப்பதை எங்கே போய் வேண்டிக்கொள்வது?

முடிவு சொன்ன அன்று வெங்கட் அவள் கையைப் பிடித்திருந்தான். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு இல்லை. ஆகவே உங்கள் மகளுக்கும் இல்லை."

வெங்கட் தேம்பித் தேம்பி அழுதான். இளமதி அழவில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடைப்பக்கம் போய் அவனை டீ வாங்கச் சொல்லிவிட்டு, ஒரு தூணோரம் நின்று ஹில்டெகார்டை அழைத்தாள்.

"எனக்கு இல்லை."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் என் கையைத்தானே பார்த்தீர்கள்?"

பதில் வரவில்லை.

"பெரியம்மா." அந்தச் சொல் அவள் வாயிலிருந்து முதல்முறையாகத் தமிழிலேயே வந்தது. "யார் கையைப் பார்த்தீர்கள்?"

"நான் டாக்டர் இல்லை, இளமதி. என் கண் பொய்யாகட்டும் என்று பிரார்த்திக்கிறேன்."

எலுமிச்சைச் சாறு இலையில் பரவியது அவள் கண்முன் வந்தது. இத்தனை வாரமும் தன் விரலை, பெண்ணின் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாளே துவாஸுக்குப் போனாள். பட்டறை வாசலுக்கு வெளியே, லாரிகள் போகும் சாலையோரம், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பழுதுபார்க்க நிறுத்தியிருந்த கப்பல் ஏழெட்டு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் பக்கவாட்டில் சாரம் கட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் மேலே எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த நடைபாலத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவன் நடந்து வந்தான். முகம் தெரியவில்லை. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. இடது கால் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

அம்மா நடந்து வந்தாள். அந்த உயரத்தில், கைப்பிடியை ஒரு கையால் தொட்டுத் தொட்டு, அம்மாவேதான் வந்தாள். வேலியைப் பிடித்த இளமதியின் விரல்களில் கம்பி பதிந்தது.

சாப்பாட்டு வேளையில் அவன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க சுரேன்."

"குட். அப்பறம் என்ன? போ, பஸ் ஓட்டு."

"நீயும் டெஸ்ட் எடுக்கணும். இந்த உயரத்துல நீ நடக்கக்கூடாது. மேலேருந்து விழுந்தா..."

"வெயில்ல நாள்பூரா நிக்கிறேன், கால் இழுக்காதா? நீ தப்பிச்சிட்ட, இல்ல? அதான் தைரியமா அட்வைஸ் பண்ண வந்துட்ட."

அந்த அடி அவளுக்கு நேராக நெஞ்சில் விழுந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"டெஸ்ட் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தல. ஆனா பவித்ராகிட்ட சொல்லிடு. அது அந்தப் பொண்ணோட வாழ்க்கை."

"சொன்னா யாரு கட்டுவா? முப்பத்தொம்பது வயசுல எனக்கு ஒருத்தி கெடச்சிருக்கா." அவன் குரல் உடைந்தது. உடனே கோபமாயிற்று. கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் அறைந்தான். அது உருண்டு சாலைக்குப் போனது. அவன் இப்படிக் கோபப்படுகிற ஆள் இல்லை. "நீ வாயத் தொறந்தா உனக்குத் தம்பி கெடையாது. பாத்துக்க."

கல்யாணத்துக்கு மண்டபம் பேசி, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. இளமதி நாளுக்கு நாள் தள்ளிப்போட்டாள். அவன் தானே சொல்லிவிடுவான் என்று காத்தாள். தம்பியை இழக்க அவளுக்குப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம். மாடியறையில் பூட்டப்பட்ட ஜெர்மன்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த வீட்டிலும் ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் ஓர் அக்காவோ அத்தையோ இப்படி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள். தம்பி மேலிருந்த பாசத்தால்தான் நின்றிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்ஆர்டி ரயிலேறிப் பொங்கோலில் பவித்ராவின் வீட்டுக்குப் போனாள். பவித்ரா பாலர் பள்ளிக்காக வண்ணத் தாளில் மீன்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா! சொல்லாம வந்துட்டீங்க?" என்று எழுந்தவள், இளமதியின் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

இளமதி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அவரப் பத்தியா அக்கா?"

தலையசைத்தாள்.

"அவரு கையப் பத்தியா?"

இளமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"கையப் புடிச்சா அவரு விரலு சும்மாவே இருக்காது. என் கைல டைப் அடிக்கிறீங்களான்னு கேட்டு சிரிப்பேன். மொதல்ல நெர்வஸ்ஸா இருக்காருன்னு நெனச்சேன். எனக்கு அது புடிச்சுக்கூட இருந்துச்சு. அப்புறம் சினிமாக்குப் போனப்ப, அவரு அசந்து தூங்கிட்டாரு. அப்பவும் தோளு..." அவள் நிறுத்தினாள். "கேக்க பயமா இருந்துச்சு."

இளமதி எல்லாவற்றையும் சொன்னாள். நாரை போட்ட பிரபுக் குடும்பம், குதிரை, குளம், சிங்காரம் தாத்தா, அம்மா. சொல்லி முடித்தபோது பவித்ராவின் மடியில் இருந்த தாள்மீன்கள் நனைந்திருந்தன. "தேங்க்ஸ் அக்கா" என்றாள் பவித்ரா. அந்தச் சொல்தான் இளமதியை மிகவும் வதைத்தது.

கல்யாணம் நின்றது. சுரேந்தர் ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: 'அம்மாவோட நீயும் செத்துட்டதா நெனச்சுக்கறேன்.' பிறகு எண்ணை மாற்றிவிட்டான். இளமதி வேலைக்குத் திரும்பினாள். வண்டி அவள் சொன்னபடி கேட்டது. கைப்பேசி அதிரும்போதெல்லாம், துவாஸிலிருந்து யாரோ, அவன் விழுந்துவிட்டான் என்று சொல்லப்போகிறார்கள் என்று உடம்பு விறைத்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மாலை அவன் தானாகவே வந்தான். வலக்கையில் மாவுக்கட்டு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"ஏணிலேருந்து தவறிட்டேன். கடைசிப் படிதான். ஒண்ணும் ஆகல."

அவள் வழி விட்டாள். அவன் உள்ளே வந்து, சோபாவில் உட்கார்ந்து, மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கீழ நின்ன பசங்க மேல விழுந்திருந்தா? நான்தான் அவங்களுக்கு சேஃப்டி சொல்லிக் குடுக்கறவன்." பிறகு, "எனக்குப் பயமா இருக்கு அக்கா" என்றான். பத்து வயதில் இழவு வீட்டில்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை.

சோதனைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். முடிவு இளமதி வேலியோரம் நின்று பார்த்ததுதான். பட்டறையில் அவனை உயரத்திலிருந்து இறக்கி, அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் குவீன்ஸ்டவுனில் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். கவிப்ரியாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். மாமா சாப்பிடும்போது கிண்ணம் சறுக்காமல் அடியில் ஈரத்துணி விரித்து வைப்பாள். பவித்ரா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று அவன் சொல்லவில்லை. அவள் மறுபடி வரவில்லை. அவளைக் குறை சொல்ல இளமதிக்கு மனம் இல்லை.

தீபாவளியை ஒட்டி ஹில்டெகார்ட் அழைத்தாள். லூட்டனாவ் வம்ச வரலாற்றைப் புதிதாக அச்சிடப்போவதாகவும், கார்லின் கிளையை அதில் சேர்க்கலாமா என்றும் கேட்டாள். முதல்முறையாக யார் எதனால் இறந்தார்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதப்போகிறாளாம். இளமதி பதில் சொல்லத் தயங்கியபோது சுரேந்தர் கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.

"போடுங்க பெரியம்மா. பூவம்மாவையும் போடுங்க. எங்கம்மாவையும் போடுங்க. என் பேரையும் போடுங்க. ஆனா குதிரைலேருந்து விழுந்தேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

அந்தப் பக்கம் ஹில்டெகார்ட் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

விடுமுறை நாட்களில் சுரேந்தர் சிலசமயம் அக்காவின் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறான். மாடியில் முன்வரிசை இருக்கையில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை வருவான். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் மாடியைக் காட்டும் சின்னத் திரை இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்துவிட்டு இளமதி அதைப் பார்ப்பாள். சாம்பல் நிறத்தில் அவன் தலையும் தோளும் தெரியும். தோள் ஒருமுறை துள்ளும். எஞ்சின் அதிர்வில் திரை ஆடியதா, அவன் ஆடினானா என்று சொல்ல முடியாது. அவள் கதவை மூடுவாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, அவன் இருப்பதால் வழக்கத்தைவிட மெதுவாக, வண்டியை எடுப்பாள்.